பாப்பாவின் இடது காது

முப்பது வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். படப்பிடிப்புத் தளத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காது" என்றால் நான் திரும்புவேன். யார் எந்த மூலையில் நின்று யாரைப் பற்றிக் கிசுகிசுத்தாலும் என் ஹெட்போனில் விழுந்துவிடும் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. இப்போது சொல்லப்போவதில் பாதி நானே கேட்டதும் பார்த்ததும். மீதி பாப்பா சொன்னது.

பாப்பா என்றவுடன் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் போன மாதம் நாற்பத்திரண்டு முடிந்தது. ஆறு வயதில் நடிக்க வந்தவளை அப்போது எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டார்கள். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அது முழுக்க நடிப்புக் குடும்பம். அப்பா வில்லன் நடிகர். அம்மா கதாநாயகியாக நடித்தவர். அண்ணன் கொஞ்ச நாள் நடித்துப் பார்த்துவிட்டு இயக்குநரானவன். அப்பாவைத் தளத்தில் "பெரியவர்" என்போம். ஆறடி உயரம், மரப்பலகை மாதிரிக் கை. அவர் தம் வாழ்நாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று. "நான் அடிச்சா நிஜமா அடிப்பேன். பொய்யா அடிக்க எனக்குத் தெரியாது." பத்திரிகைக்காரர்கள் இதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். அவரிடம் அடி வாங்கி உதடு கிழிந்த நடிகர்கள்கூட அதை ஏதோ பட்டயம் மாதிரிக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

பாப்பாவின் முதல் காட்சியில் அம்மாதான் அவளுக்கு அம்மா. அம்மா செத்துக் கிடக்க வேண்டும், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். குழந்தைக்கு அழுகை வரவில்லை. செத்ததாகப் படுத்திருக்கும் அம்மாவின் மூக்கில் ஈ உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டது. நாலு டேக் போயிற்று. கண்ணில் மருந்து விட்டுப் பார்த்தார்கள், தேய்த்துக்கொண்டதே தவிர அழவில்லை. பெரியவர் அந்தத் தொடரிலும் வில்லன். தம் காட்சிக்காக ஒப்பனையோடு காத்திருந்தவர் எழுந்து வந்தார்.

"கேமராவை ஓட விடுங்க" என்றார்.

குழந்தையின் கன்னத்தில் ஓர் அறை. குழந்தை உருண்டுபோய்ச் சுவரில் மோதி, திரும்பித் தவழ்ந்து வந்து அம்மாவின் மேல் விழுந்து அழுதது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஓகே" என்றார். தளமே கை தட்டியது.

அம்மா அசையவில்லை. பிணமாக நடிப்பவர் அசைந்தால் ஷாட் வீணாகிவிடும். தன் நெஞ்சின் மேல் குழந்தை மூச்சுத் திணறி அழுதபோதும் கண் இமைகூட ஆடாமல் கிடந்தார். "அம்மா நிஜமாவே செத்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன் காது அண்ணே, அதான் அப்படி அழுதேன்" என்று பாப்பா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடி. மூன்று அறை. கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி. பெரியவர் அந்த வீட்டில் அடிக்கு வைத்திருந்த பெயர் "ஒத்திகை". காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் ஒத்திகை. அம்மாவுக்கு ரசிகர் கடிதம் வந்தால் ஒத்திகை. அண்ணன் கணக்கில் தோற்றால் பெல்ட்டோடு ஒத்திகை. ஒருநாள் சாயங்காலம் அம்மா போட்ட அலறலில் கீழ்வீட்டு அம்மாள் ஓடிவந்து கதவைத் தட்டினார். பெரியவர் கையில் ஒரு வசனத்தாளோடு கதவைத் திறந்தார்.

"ஒத்திகைம்மா. சத்தம் ஜாஸ்தியாயிடுச்சா?"

"ஐயோ, நான் பயந்தே போயிட்டேன். நிஜம் மாதிரியே இருந்துச்சு!"

"உள்ள வாங்க, உட்கார்ந்து பாருங்க."

அந்த அம்மாள் உட்கார்ந்து பார்த்தார். அம்மா வாயோரத்தில் வழிந்த ரத்தத்தோடு, கையில் திணித்த தாளைப் பார்த்து வசனம் பேசினார். பெரியவர் முடியைப் பிடித்து இழுத்து இன்னும் இரண்டு கொடுத்தார். கீழ்வீட்டு அம்மாள் கை தட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்த அலறலுக்கும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

பாப்பாவுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது அம்மாவுக்கு ஒரு புதுத் தொடரில் முக்கிய வேடம் கிடைத்தது. அதில் பெரியவருக்கு வேடம் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குள் காலை வைத்த நிமிடம் பெரியவர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து, படுக்கையறைக் கதவின் சட்டத்தில் முகத்தை வைத்து அழுத்தி, கதவை ஓங்கிச் சாத்தினார். இரண்டு தடவை. தாடை உடைந்தது. பாப்பா அவர் முதுகில் ஏறித் தோளைக் கடித்தாள். உதறியதில் கட்டில் காலில் விழுந்து அவளுக்குப் புருவம் கிழிந்தது. பக்கத்து அறையில் அண்ணன் இருந்தான். அவனுக்குப் பதினேழு வயது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டா" என்று மருத்துவரிடம் சொன்னார் பெரியவர். மருத்துவரும் குளியலறை என்றே எழுதிக்கொண்டார். தாடை கோணலாகக் கூடியது. கேமரா அந்த முகத்தை வேண்டாம் என்றது. அம்மா பின்னணிக் குரல் கொடுக்கப் போனார். இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று, வேறு யாரோ ஒருத்தி வாயசைக்க, இவர் பேசினார், சிரித்தார், அழுதார். இருபது வருடம் எந்த வீட்டில் டி.வி. ஓடினாலும் அந்தக் குரல் கேட்டது. முகம் யாருக்கும் தெரியாது.

பாப்பா பத்தொன்பது வயதில் கதாநாயகியானாள். அப்பா இல்லாத தளத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அப்போது ஒலிப்பதிவில் உதவியாள். புருஷனாக நடிப்பவன் அவளை அறைய வேண்டும். பாப்பா பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடி, கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். சண்டைப் பயிற்சி மாஸ்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா கண்ணை மூடுற? திறந்து வை. கை வரும்போது தலையைத் திருப்பு, அவ்வளவுதான்" என்றார்.

கை வந்தது. தலையைத் திருப்பினாள். இயக்குநர் ஓகே சொன்னார்.

"அடிச்சாச்சா?" என்று கேட்டாள் பாப்பா.

"அடிச்சாச்சும்மா."

"வலிக்கவே இல்லையே?"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். கேமரா முதுகுப் பக்கம் இருக்கிறது, கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கிறது, சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். பாப்பா அவரைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டச் சொன்னாள். எட்டாவது தடவைக்கு அப்புறம் நன்றி சொல்லிவிட்டு ஒப்பனை அறைக்குப் போனாள். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற மறந்திருந்தாள். என் ஹெட்போனில் கேட்டது. "தொடாமலே அடிக்கலாமாம். தொடாமலே அடிக்கலாமாம்." அதை ஏழெட்டுத் தடவை சொன்னாள். பிறகு கண்ணாடி உடையும் சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முஷ்டியால் ஒப்பனைக் கண்ணாடியைக் குத்தியிருந்தாள். மணிக்கட்டு வரை ரத்தம். இன்னொரு குத்துக்குக் கையை ஓங்கியவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத்தான் நிறுத்த முடிந்தது. அன்று முதல் எனக்கு அவள் சிநேகிதி.

கைக்கட்டு பிரிப்பதற்குள் பெண்கள் விடுதிக்குக் குடிபோய்விட்டாள். அம்மாவையும் கூப்பிட்டாள். அம்மா வரவில்லை. "நான் போயிட்டா அவர் உன்னைத் தேடிக்கிட்டு வருவார். நான் இங்க இருக்கறவரைக்கும் நீ அங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம் பதினேழு வருடம் பாப்பாவுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. முதல் பத்து வருடம் அடி வாங்குகிற வேடங்கள். திரையில் அவளைப் படிக்கட்டில் உருட்டினார்கள், தண்ணீரில் அமுக்கினார்கள், கழுத்தை நெரித்தார்கள். ஒப்பந்தத்தில் அவள் ஒரு வரி கேட்டு வாங்குவாள்: மாஸ்டர் இல்லாமல் அடிதடிக் காட்சி கிடையாது, யார் கையும் மேலே படக் கூடாது. ஒரு புதுக் கதாநாயகன் உற்சாகத்தில் கன்னத்தில் நிஜமாகவே ஒன்று வைத்துவிட்டான். பாப்பா அவன் சுண்டுவிரலைப் பிடித்து, அது 'டக்' என்று சொல்லும்வரை பின்னால் மடக்கினாள். பிறகு போய் உட்கார்ந்து டீ குடித்தாள். அந்த 'டக்' என் டேப்பில் இருந்தது.

பிறகு வில்லி வேடங்கள். அவற்றில் இன்னும் பேர் வாங்கினாள். ஒருமுறை கடைத்தெருவில் ஒரு பெண் குடையால் அவள் மண்டையைப் பிளந்துவிட்டாள். "மருமகளுக்கு விஷமாடி வைக்கிற?" என்று அடி. ஐந்து தையல். புகார் கொடுக்கச் சொன்னேன். "அந்தம்மா அடிச்சது கேரக்டரைத்தான் காது அண்ணே. என்னையே அடிச்சது ஒரே ஒரு ஆள்தான்" என்றாள்.

பெரியவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது வேலை முழுசாக நின்றுபோனது. அடி வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட தலைமுறை ஓய்ந்துவிட்டது, புதுப் பிள்ளைகள் அவர் பெயரைச் சொன்னாலே கால்ஷீட் இல்லை என்றார்கள். அந்தச் சமயத்தில் அண்ணன் ஒரு பெரிய தொடர் எடுத்தான். அப்பா மாமனார், தங்கை மருமகள். நிஜ அப்பாவும் மகளும் திரையில் மோதுகிறார்கள் என்று விளம்பரம் செய்தால் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவன் திட்டம். பாப்பா முகத்தில் அடித்த மாதிரி மறுத்துவிட்டாள்.

மறுநாள் அம்மா, பாப்பா தனியாக எடுத்திருந்த வீட்டின் வாசலில் வந்து நின்றார். கழுத்தை மூடி உடுத்தியிருந்தார். வெயில் கொளுத்துகிற நாள்.

"ஒத்துக்கோ பாப்பா."

"நீங்களாம்மா இதைச் சொல்றீங்க?"

"அவர் வீட்லயே இருக்கார். காலையில எழுந்ததுலேர்ந்து வீட்லயே இருக்கார். அந்தக் கைக்கு வேற வேலையே இல்ல." துணியை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். ஐந்து விரலும் பதிந்திருந்தன. "எட்டு மணி நேரம் அவர் வெளிய போனா, நான் எட்டு மணி நேரம் மூச்சு விடுவேன்."

பாப்பா ஒத்துக்கொண்டாள். தன்னோடு தங்கிவிடும்படிதான் அம்மாவிடம் முதலில் கெஞ்சினாள். அது நடக்கவில்லை. சரி, இதையாவது செய்வோம் என்று இறங்கினாள்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. மாஸ்டர் தினமும் வந்தார். பெரியவர் மகளை "வாங்க மேடம்" என்று கிண்டலாகக் கூப்பிடுவார், அவள் காதில் வாங்க மாட்டாள். ஆனால் தொடர் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. சேனலில் அண்ணனைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார்கள். அதற்கடுத்த வியாழக்கிழமை மாஸ்டர் வரவில்லை. பாப்பா கேட்டதற்கு அண்ணன், "சும்மா கை ஓங்குற சீன்தானே? அப்பா கையை ஓங்குவார், நீ பிடிச்சுத் தடுத்து டயலாக் சொல்லணும். இதுக்கு எதுக்கு மாஸ்டர்?" என்றான்.

அன்று ஒரு பணக்கார வீட்டுக் கூடம் போட்டிருந்தார்கள். மாடிப்படி, கண்ணாடி மேசை, சிலைகள். காலை பதினோரு மணி. பாப்பாவின் சட்டையில் ஒரு சின்ன மைக், தலைக்கு மேல் கழியில் ஒரு மைக். நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கையை ஓங்கினார். பாப்பா தடுக்கக் கையைத் தூக்கினாள். அவர் ஓங்கிய வலது கையை அப்படியே நிறுத்திவிட்டு, இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். அப்புறம்தான் அந்த வலது கையை இறக்கினார்.

என் காதுக்குள் வெடி வெடித்த மாதிரி இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். பாப்பா மேசை விளிம்பில் போய் விழுந்தாள். எழுந்தபோது வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. இடது காதைப் பொத்திக்கொண்டு தள்ளாடினாள். அவர் முடியைக் கொத்தாகப் பிடித்து நிமிர்த்தி, அதே காதில் இன்னொன்று வைத்தார். "வசனத்தைச் சொல்லுடி" என்றார்.

நாங்கள் இருபத்தைந்து பேர் இருந்தோம். ஒருவரும் நகரவில்லை. காட்சியா நிஜமா என்று தெரியவில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னோம். எனக்குத் தெரியும். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. முதல் அறையிலேயே எனக்குத் தெரியும்.

மூன்றாவது அறைக்குக் கை போனபோது பாப்பா பக்கத்திலிருந்த சிலையை இரண்டு கையாலும் தூக்கி அவர் மண்டையில் போட்டாள். அது தெர்மோகோல். வெள்ளைத் தூளாக உதிர்ந்து அவர் தலையிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தியா, உனக்கு எல்லாமே பொய்" என்றார்.

பாப்பா சுற்றுமுற்றும் பார்த்தாள். கேமராச் சட்டகத்துக்கு வெளியே இரும்பு விளக்குத் தண்டு ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. எடுத்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் வலது கையை ஓங்கினார். அந்த மணிக்கட்டில் முழு பலத்தோடு இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. அவர் முழங்காலிட்டு விழுந்தார். கையைத் தரையில் ஊன்றப் பார்த்தார். ஊன்றிய இடத்தில் இன்னொரு தடவை இறக்கினாள். பெரியவர் ஊளையிட்டார்.

பிறகு தண்டைக் கீழே போட்டுவிட்டு, நேராகக் கேமராவைப் பார்த்து அவளே சொன்னாள்: "கட்."

அண்ணன் அதுவரை சொல்லவில்லை.

அவள் மருத்துவமனையில் படுத்திருந்தபோதே அந்தக் காட்சி ஒளிபரப்பானது. ஒரே அடியை மூன்று கோணத்தில், மெதுவாக, இடிமுழக்கம் சேர்த்து ஓட்டினார்கள். விளக்குத் தண்டு வந்த இடத்தோடு நிறுத்தி, 'தொடரும்' போட்டார்கள். அந்த வாரம் அதுதான் முதலிடம். இடது காதின் சவ்வு நார்நாராகக் கிழிந்திருக்கிறது, இனி அந்தக் காதில் கேட்காது என்று மருத்துவர் சொன்னார். கன்னத்தில் கட்டோடு காவல் நிலையத்துக்குப் போனாள் பாப்பா. அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"நேத்து எபிசோடு பார்த்தேம்மா. சூப்பர்! அந்தக் கட்டுகூட நிஜம் மாதிரியே இருக்கு."

பாப்பா மேசைமேல் இருந்த பேப்பரை இழுத்து, வாயில் அடைத்திருந்த ரத்தப் பஞ்சை எடுத்து அதன்மேல் வைத்தாள். "இதைத் தொட்டுப் பாருங்க சார். அப்புறம் புகார் எழுதிக்கலாம்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். பெரியவரும் விடவில்லை. மகள் கையை முறித்துவிட்டாள் என்று எதிர்ப்புகார் கொடுத்தார். அண்ணன், எல்லாமே எழுதிவைத்த காட்சிதான், தங்கை கடைசியில் நிதானம் தவறிவிட்டாள் என்று சொல்லி ஒரு வசனத்தாளையும் காட்டினான். அதில் 'மாமனார் இருமுறை அறைகிறார்' என்று புதுசாகத் தட்டச்சு செய்திருந்தது.

என்னையும் கூப்பிட்டான். "காது, அன்னிக்கு எடுத்த ஒலியை அழிச்சுடுங்க. அடுத்த தொடரும் உங்களுக்குத்தான்" என்றான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அழிக்கவில்லை. ஆனால் யாரிடமும் கொடுக்கவும் இல்லை. ஐந்து வாரம் அது என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. பாப்பாவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போவேன், வாயைத் திறக்க மாட்டேன். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறேன், வேலை போனால் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் அம்மா என் ஒலிக்கூடத்துக்கு வந்தார். நெற்றி வீங்கிக் கண் மூடியிருந்தது. பெரியவர் மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அடித்திருக்கிறார். கட்டின் வெள்ளைப் பொடி இன்னும் அம்மாவின் முடியில் இருந்தது. நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"உங்ககிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. அழிச்சிருக்க மாட்டீங்க."

என் கண் மேசை இழுப்பறைக்குப் போனது.

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. அவளுக்கு ஆறு வயசுல முதல் அறை விழுந்தப்போ நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். கேட்டுக்கிட்டுச் சும்மாதான் கிடந்தேன். எழுந்திரிக்க எனக்கு முப்பது வருஷம் ஆயிடுச்சு. உங்களுக்கு அஞ்சு வாரம்தானே ஆகுது."

இழுப்பறையைத் திறந்தேன்.

நீதிமன்றத்தில் பெரியவரின் வக்கீல் நன்றாகப் பேசினார். "இவங்க நடிகை. அவர் நடிகர். அடிக்கிறதும் அழறதும்தான் இவங்க தொழில். இதுல எது குத்தம்?" என்றார். பாப்பா நீதிபதியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கினாள். வக்கீலுக்கு நேரே போய் நின்று, கையை ஓங்கி ஒரு வீச்சு வீசினாள். வக்கீல் "ஐயோ" என்று பின்வாங்கி நாற்காலியோடு சாய்ந்தார். கட்டுக் காகிதம் தரையெங்கும் பறந்தது.

"தொட்டேனா சார்?"

வக்கீல் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "இல்ல..."

"இதுக்குப் பேர்தான் நடிப்பு" என்றாள் பாப்பா. நீதிபதியே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அவளைக் கண்டித்தார்.

பிறகு நான் கூண்டில் ஏறினேன். நடிப்புக்காக விழும் அடிக்குச் சத்தம் கிடையாது, நாங்கள்தான் பின்னால் சேர்க்கிறோம் என்று சொல்லி, பழைய காட்சி ஒன்றின் அசல் ஒலியைப் போட்டுக் காட்டினேன். துணி உரசும் சத்தம், ஒரு மூச்சு, அவ்வளவுதான். அடுத்து அந்த வியாழக்கிழமையின் ஒலி. அறை விழுந்ததும் பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பல் தரையில் உருண்டது கேட்டது. அதற்கும் பின்னால், தலைக்கு மேலிருந்த மைக்கில், அண்ணனின் கிசுகிசுப்பு. "ஓட்டு, ஓட்டு. கட் பண்ணாதே. இன்னொண்ணு வைப்பார், முகத்துக்குக் கிட்டப் போ." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் இவ்வளவு தாமதமாகக் கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். பயம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

கடைசியாக அம்மா. கோணல் தாடையும் நெற்றித் தழும்புமாகக் கூண்டில் ஏறியபோது அங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை. வாயைத் திறந்து, "ஐயா, நான் சொல்லலாமா?" என்றார். அவ்வளவுதான், நீதிமன்றம் அடங்கிவிட்டது. வாசலில் நின்ற காவலர்கூட எட்டிப் பார்த்தார். இருபது வருடமாக எல்லோர் வீட்டிலும் சிரித்து அழுத குரல் அது. அந்தக் குரல் இப்போது எழுதிக்கொடுத்த வசனம் எதுவும் இல்லாமல் பேசியது. கதவுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னது. பெல்ட்டின் பித்தளை வளையத்தைச் சொன்னது. ஒத்திகை பார்க்க உட்கார்ந்த கீழ்வீட்டு அம்மாளைச் சொன்னது. ஒரு இடத்தில்கூட அழவில்லை. பெரியவர் எழுந்து "நடிக்கிறா! இவ நடிக்கிறா!" என்று கத்தி, தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தார். இரண்டு காவலர்கள் அவரை மேசைமேல் குப்புற அழுத்தினார்கள். அப்போதும் அவர் உதைத்த உதையில் ஒருவருக்கு முட்டி பெயர்ந்தது. வழக்கை முடிக்க அதற்கப்புறம் யாரும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பெரியவருக்கு இரண்டு வருடம். மேல்முறையீட்டில் ஒரு வருடமானது. அண்ணனுக்கு நிறுத்திவைத்த தண்டனை, சங்கத்திலிருந்து நீக்கம். மணிக்கட்டு விஷயத்தில் பாப்பா தற்காப்புக்காக அடித்தாள் என்று விடுவித்தார்கள். இரண்டாவது அடி தேவையில்லாதது என்று மட்டும் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. வெளியே படியில் இறங்கும்போது பாப்பா சொன்னாள், "முதல் அடியும் தற்காப்பு இல்ல காது அண்ணே. அந்தக் கை இனி வேலை செய்யக் கூடாதுன்னுதான் அடிச்சேன்." இதை எழுதலாமா என்று இப்போது கேட்டேன். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு ஒன்றரை வருடம் யாரும் வேலை கொடுக்கவில்லை. பிறகு பாப்பா ஒரு தொடரில் சேர்ந்தபோது, ஒலிக்கு இவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். இப்போது உடன் நடிப்பவர்கள் அவளுக்கு வலப்பக்கம் நின்றுதான் வசனம் பேசுவார்கள். இடப்பக்கம் நின்றால் நான் விரலை அசைத்துக் காட்டுவேன். அம்மா அவளோடுதான் இருக்கிறார். பால்கனிக் கதவு காற்றில் சாத்திக்கொண்டாலும் இன்னும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்வார்.

போன வருடம் ஒருநாள் காலை படப்பிடிப்பில் இருந்தோம். பாப்பாவுக்கு அண்ணனிடமிருந்து போன். தீர்ப்புக்கு அப்புறம் அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிறையிலிருந்து வந்த பெரியவர் அவன் வீட்டில்தான் இருந்தார். பாப்பா வலது காதில் வைத்துக் கேட்டாள். அவள் மைக் வழியாக எனக்கும் கேட்டது.

"பாப்பா... அப்பா என்னை அடிச்சுட்டார். இடது கையால. மூக்கு உடைஞ்சுடுச்சு. ரத்தம் நிக்கவே இல்ல." அவன் மூச்சு குழறியது. "கதவைச் சாத்திக்கிட்டுக் குளியலறையில உட்கார்ந்திருக்கேன். நீ வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிடேன்."

"ஸ்டேஷனுக்கு போன் பண்ணினியா?"

"எப்படிப் பண்றது? அப்பாவாச்சே."

பாப்பா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கதவை யாரோ காலால் உதைப்பது போனுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ரேடியோவைப் பற்றிக் கேட்பாள், கேமராவைப் பற்றிக் கேட்பாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்பாள் என்று நான் காத்திருந்தேன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

"தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு உள்ளயே இரு. நான் போலீஸோட வரேன்" என்றாள். மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "காது அண்ணே, வண்டி எடுங்க."

நாங்கள் போனபோது குளியலறைக் கதவு பாதி பிளந்திருந்தது. பெரியவர் வளைந்துபோன வலது கை தொங்க, இடது கையில் துணி உலர்த்தும் கழியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். மகளைப் பார்த்ததும் கழியை ஓங்கினார். போலீஸ்காரர் பின்னாலிருந்து பிடுங்கிக்கொண்டார். "என் வீட்டுல நான் அடிப்பேன்டா" என்று படி இறங்கும்வரை கத்திக்கொண்டே போனார். அண்ணன் வெளியே வர மாட்டேன் என்றான். பாப்பா பிளந்த கதவின் வழியாகக் கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து, ஈரத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

நிலையத்தில் அவன் பேனாவைப் பாப்பாவிடம் தள்ளினான். புகாரைப் பாப்பாவே எழுதினாள். அவன் கையெழுத்து மட்டும் போட்டான். சாட்சி என்ற இடத்தில் அவள் போட்டாள், கீழே நான் போட்டேன். அவனை மருத்துவமனையில் விட்டுவிட்டு மூன்று மணிக்குத் தளத்துக்குத் திரும்பினோம். மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். அடுத்தது பாப்பா ஒருவனை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடும் காட்சி. அவனுக்கு எங்கே கை வைப்பது, எங்கே உருள்வது என்று ஆறு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏழாவது தடவை தள்ளினாள். ஒரே டேக்கில் ஓகே.